ஆடி மழையும் எண்ணெய்த் தோணியும்

வணக்கம் நேயர்களே.

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே விஷயமாகத்தான் இருக்கும். "சார், கேரளாவுல நல்ல ஆயுர்வேத இடமா ஒண்ணு சொல்லுங்க." நான் வைத்தியன் இல்லை. முப்பது வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து இடுப்பு வலியைச் சம்பாதித்தவன். அந்த வலியோடு மூன்று முறை பாலக்காட்டுப் பக்கம் போய்ப் படுத்து எழுந்து வந்தவன். என் தகுதி அவ்வளவுதான்.

நம்முடைய ஆடிதான் அவர்களுக்குக் கர்க்கடகம். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை மழை கொட்டும். வயல் வேலை குறைவு, வெயிலும் இல்லை. உடம்பைக் கவனிக்க இதுதான் காலம் என்று மருந்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். எண்ணெய்ச் சிகிச்சைக்கும் இது உகந்த மாதம்.

முதல் முறை நான் ஏமாந்தேன். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். நீச்சல் குளம், வாசலில் தாமரைத் தொட்டி, நெற்றியில் எண்ணெய் ஒழுகும் பெண்ணின் படம். 'ஐந்து நாள் பஞ்சகர்மா' என்று போட்டிருந்தது. போனதும் மெனு கார்டு மாதிரி ஒரு அட்டையைக் கொடுத்து, "எது வேணும் சார்?" என்றார்கள். டாக்டர் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. தோணி என்கிற மரப் படுக்கையில் படுக்க வைத்து எண்ணெய் தேய்த்தார்கள், சுகமாகத்தான் இருந்தது. ஊர் திரும்பிய வாரமே இடுப்பும் பழையபடி திரும்பியது.

விஷயம் தெரிந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஞ்சகர்மா என்பது வாந்தி, பேதி, வஸ்தி என்கிற எனிமா, நஸ்யம் என்கிற மூக்கு மருந்து போன்ற வழிகளில் உடம்பிலிருந்து கழிவை வெளியேற்றும் வேலை. அதற்கு முன்னால் மருந்து நெய் குடிக்க வேண்டும். அதற்கு மட்டுமே மூன்று முதல் ஏழு நாள். பிறகு எண்ணெய் தேய்த்து வியர்க்க வைக்க இரண்டு மூன்று நாள். பேதிக்கு ஒரு நாள். அது முடிந்ததும் கஞ்சித் தண்ணீரில் ஆரம்பித்து, படிப்படியாகச் சோற்றுக்கு வரச் சில நாள். ஐந்து நாளில் இதெல்லாம் எங்கே அடங்கும்? ஓய்வுக்கு என்றால் ஐந்து நாள் தாராளமாகப் போதும். தப்பே இல்லை. அதைச் சிகிச்சை என்று நினைத்துக் காசு கட்டாதீர்கள்.

இரண்டாவது முறை போன இடத்தில் ஓட்டுக் கட்டடம், கொசுவலை. ஆனால் அந்த வைத்தியர் அம்மா முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். தூக்கம், மலம், பசி, சர்க்கரை, என்ன மாத்திரை, ஸ்கேன் எங்கே? கடைசியில், "உங்களுக்கு இப்ப பேதி வேண்டாம், வஸ்தி போதும்" என்றார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம் என்று அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. பேதி மூன்றாவது முறைதான் கிடைத்தது.

அந்த நெய்யைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காலை ஆறரை மணிக்குச் சின்னக் கிளாஸில், வேப்பிலையை வதக்கிய மாதிரி ஒரு கசப்பு வாசனையோடு வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. அப்புறம் நன்றாகப் பசிக்கும்வரை வெந்நீர் மட்டும்தான். தினமும் அளவு ஏறும். மூன்றாம் நாள் எனக்கு மதியம் இரண்டு மணிவரை பசிக்கவே இல்லை. ஏப்பத்திலும் நெய். பக்கத்து அறைக்காரர் ரகசியமாக பிஸ்கெட் நீட்டினார். வாங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

புறப்படும் முன் சில வேலைகள். வைத்தியர் பி.ஏ.எம்.எஸ். என்கிற ஆயுர்வேத மருத்துவப் பட்டம் படித்தவரா, தினமும் பார்ப்பாரா என்று போனிலேயே கேளுங்கள். பெண்களுக்குப் பெண்கள்தான் எண்ணெய் தேய்க்க வேண்டும், அதையும் கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் பல சிகிச்சைகளை நிறுத்திவிடுவார்கள், தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. காபியை ஒரு வாரம் முன்பிருந்தே குறையுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு நாள் தலைவலியில் போய்விடும். துணி பழசாக இருக்கட்டும். எண்ணெய்க் கறை எந்த சோப்புக்கும் மசியாது. அப்படியே குருவாயூர், மூணாறு என்று திட்டம் போடாதீர்கள்.

எல்லாரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. மலையாளத்தில் 'நல்லிரிக்க' என்பார்கள். பதினான்கு நாள் சிகிச்சை என்றால், முடிந்த பிறகும் பதினான்கு நாள் அதே பத்தியத்தோடு அடங்கி இருப்பது. பகல் தூக்கம், குளிர்ந்த தண்ணீர், அலைச்சல், இரவுக் கண்விழிப்பு எதுவும் ஆகாது. அந்த இரண்டாவது முறை, திரும்பி வந்த நாலாம் நாளே ஒரு கிரகப்பிரவேசத்துக்கு ஏசி பஸ்ஸில் சேலம் போனேன். பாயசம் இரண்டு கப். மறுநாள் கட்டிலை விட்டு எழ மனைவி கை கொடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் இப்போதெல்லாம் யாராவது இடம் கேட்டால், "திரும்பி வந்தப்புறம் எத்தனை நாள் லீவு இருக்கு?" என்று நான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.