கிரேட் ஓஷன் ரோடு: ஒரே நாளில் போய் வந்துவிடலாமா?

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழே ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார்களாம். இவர், வீட்டுக்காரர், ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூட மாமியார். தம்பியின் காரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மேற்கே கடலோரமாகப் போகிற கிரேட் ஓஷன் ரோட்டைப் பார்க்க வேண்டும். "ஒரே நாளில் போய் வந்துவிடலாமா, வளைவு அதிகம் என்கிறார்களே, எனக்குக் காரில் வாந்தி வரும், மாமியாரால் நடக்க முடியுமா?" ஒரே மூச்சில் மூன்று கேள்வி. நல்ல கேள்விகள்தான்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். போய் வரலாம், நிறைய பேர் போய் வருகிறார்கள், நானும் முதல் தடவை அப்படித்தான் ஒரு டூர் பஸ்ஸில் போனேன். காலை ஏழு மணிக்கு ஏற்றினார்கள், இரவு ஒன்பதுக்கு இறக்கிவிட்டார்கள். நடுவில் எல்லோரும் போட்டோவில் பார்த்திருக்கிற, ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் என்கிற அந்தக் கடல் பாறைகள் இருக்கிற இடத்தில் இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் பாதி கழிப்பறை வரிசையில் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி யாராவது எப்படி இருந்தது என்று கேட்டால் பஸ் சீட்டின் கவர் என்ன நிறம் என்று என்னால் சொல்ல முடிந்தது, கடலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் உங்களிடம் நான் சொல்வது, ஒரு இரவாவது அங்கே தங்குங்கள். முடியாது என்றால் பாதி தூரம் மட்டும் போய்விட்டுத் திரும்புங்கள், அது தப்பே இல்லை. முழுசையும் ஒரே நாளில் மட்டும் திணிக்காதீர்கள், அதுவும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு.

கணக்கைப் பாருங்கள். அந்த ரோடு டார்க்கி என்ற ஊரில் ஆரம்பித்து வாரணம்பூலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆலன்ஸ்போர்டில் முடிகிறது, ஏறக்குறைய 240 கிலோமீட்டர். மெல்பர்னிலிருந்து டார்க்கி போகவே 100 கிலோமீட்டர் இருக்கிறது. கடலோரமாகவே போய் அந்தப் பாறைகளைப் பார்க்க, எங்கேயும் நிற்காமல் ஓட்டினால்கூட நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிற்காமல் ஓட்டினால் எதற்குப் போக வேண்டும்? நின்று நின்று போனால் ஏழு, எட்டு மணி நேரம். அதே வழியில் திரும்பினால் உங்கள் வீட்டுக்காரர் மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். அதனால் போகும்போது கடலோரம், வரும்போது கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலை. அது நேரான ரோடு, மூன்று மணி நேரம் போல ஆகும், இரண்டு பக்கமும் மாட்டுப் பண்ணைகள், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

இந்தத் திசையை மாற்றிவிடாதீர்கள். சில பேர் முதலில் நேர் ரோட்டில் போய்ப் பாறைகளைப் பார்த்துவிட்டுக் கடலோரமாகத் திரும்புவார்கள், கூட்டத்தைத் தவிர்க்க அது ஒரு வழிதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுவார்கள். கிழக்கிலிருந்து மேற்கே போனால் கடல் உங்கள் இடது கைப் பக்கம் வரும். அதாவது உங்கள் காருக்கும் கடலுக்கும் நடுவில் வேறு வண்டி கிடையாது, வண்டியை ஒதுக்கி நிறுத்துகிற இடங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கமே இருக்கும், எதிரே வருகிற வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டிய அவசியம் வராது. புது ஊரில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

அடுத்து வளைவு. லோர்ன் என்ற ஊரைத் தாண்டி அப்பல்லோ பே வரைக்கும் ஒரு 45 கிலோமீட்டர் இருக்கிறது, என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்திலும் அதுதான் சாறு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கீழே கடல், நடுவில் மலையின் இடுப்பில் அரைஞாண் கட்டின மாதிரி ரோடு. ஒரு மணி நேரம் ஆகும். கொடைக்கானல், ஏற்காடு ஏறியவர்களுக்கு அது ஒரு பொருட்டே கிடையாது, கொண்டை ஊசி வளைவு என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் வளைவு வளைவாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மஞ்சள் பலகையில் ஒரு எண் போட்டிருக்கும், 35 என்று இருந்தால் 35. பின்னால் உள்ளூர்க்காரர் யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் பதற்றப்பட்டு வேகம் எடுக்காதீர்கள், மெதுவாகப் போகிற வண்டிகள் ஒதுங்குவதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள், அதில் ஒதுங்கி அவரை விட்டுவிட்டு மறுபடி உங்கள் வேகத்தில் போங்கள்.

வாந்தி விஷயம். நம் காதுக்குள்ளே உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கிற ஒரு அமைப்பு இருக்கிறது. அது வளைகிறோம் என்று சொல்லும், கண் மடியில் இருக்கிற போனைப் பார்த்து அசையாமல் இருக்கிறோம் என்று சொல்லும், இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. அதனால் நீங்கள் முன் சீட்டில் உட்காருங்கள், தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பாருங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்றால் அந்த 45 கிலோமீட்டரை நீங்களே ஓட்டுங்கள். ஓட்டுகிறவருக்கு அநேகமாக வாந்தி வராது, அடுத்த வளைவு எங்கே என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் டேப்லெட் கொடுக்காதீர்கள், கொடுத்தால் கேள்வி மூன்றிலிருந்து ஐந்தாகிவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்கு பூஸ்டர் சீட் கட்டாயம், அந்த விக்டோரியா மாநிலத்தில் ஏழு வயது வரைக்கும் அது சட்டம், தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அந்த ரோட்டைப் போட்டவர்கள் கதை பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்த சிப்பாய்கள், சுமார் 3000 பேர், 1919இல் ஆரம்பித்து 1932இல் முடித்தார்கள். கடப்பாறை, மண்வெட்டி, கையால் தள்ளுகிற வண்டி, கொஞ்சம் வெடி மருந்து. போரில் செத்துப்போன தங்கள் கூட்டாளிகளுக்கு நினைவுச் சின்னமாகத்தான் அந்த ரோட்டையே போட்டார்கள். ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் ரோட்டின் குறுக்கே மரத்தால் ஒரு வளைவு நிற்கும், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிற இடம், அது அதற்காக வைத்ததுதான். ஒரு கதை சொல்வார்கள்: 1924இல் காசினோ என்ற கப்பல் அந்தப் பக்கம் தரை தட்டிவிட்டது, பாரத்தைக் குறைக்கக் கடலில் எறிந்ததில் 500 பீப்பாய் பீரும் 120 பெட்டி மதுவும் இருந்தன. கரையில் ரோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா? இரண்டு வாரம் வேலை நடக்கவில்லையாம்.

கென்னட் ரிவர் என்று ஒரு சின்ன ஊர் வரும், அங்கே யூகலிப்டஸ் மரத்தில் கோவாலா உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும் என்றால் தூங்கிக்கொண்டிருக்கும், ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் அதற்குத் தூக்கம்தான். ஒரு இடத்தில் நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் அங்கே கோவாலா இருக்கிறது என்று அர்த்தம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

அப்பல்லோ பே தாண்டியதும் நிறைய பேர் ஏமாந்துபோவார்கள். கடல் காணாமல் போய்விடும். ரோடு ஆட்வே காட்டுக்குள் ஏறும், நடுவில் ஓரிடத்தில் கடல் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதைத் தவிர, லேவர்ஸ் ஹில் வழியாகச் சுற்றி பிரின்ஸ்டவுன் பக்கத்தில்தான் மறுபடி கடலோரம் வரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் மரம், பெரணி, ஈரம். வழி தப்பிவிட்டோமோ என்று நினைக்காதீர்கள். போன் சிக்னலும் அங்கங்கே போய்விடும், அதனால் மேப்பை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்பல்லோ பேயிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். மெயிட்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் ஒரு சின்ன சுற்றுப்பாதை இருக்கிறது, அரை மணி நேரம், பெரிய பெரிய பெரணிகளுக்கு நடுவில் மரப்பலகைப் பாதை. மாமியாருக்கு முடிந்த வரைக்கும் போய்விட்டுத் திரும்பட்டும்.

இப்போது அந்தப் பாறைகள். ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ், பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். பெயரில்தான் பன்னிரண்டு, எந்தக் காலத்திலும் பன்னிரண்டு இருந்ததில்லை, எண்ணிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அதற்கு முன்னால் வைத்த பெயர் 'பன்றியும் குட்டிகளும்', அந்தப் பெயருக்கு யார் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் சொல்லுங்கள். அந்தக் கரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, சோன்பப்படி மாதிரி அடுக்கடுக்காக உதிரும். அலை அடித்து அடித்து முதலில் குகை ஆகும், குகை இரண்டு பக்கமும் துளைத்துக்கொண்டு வளைவு ஆகும், வளைவின் தலை விழுந்துவிட்டால் தனிப் பாறையாக நிற்கும், பிறகு அதுவும் ஒரு நாள் விழும். 2005 ஜூலையில் ஒன்று அப்படித்தான் சரிந்தது. பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்று இரண்டு வளைவோடு ஒரு பாறைப் பாலம் இருந்தது. 1990 ஜனவரியில் கரையை ஒட்டிய வளைவு பொத்தென்று விழுந்துவிட்டது, அந்தப் பக்கம் நடந்து போயிருந்த இரண்டு பேர் தீவில் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டர் வந்துதான் தூக்கியது. யாருக்கும் அடிபடவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கம்பி வேலியைத் தாண்டி ஓரத்துக்குப் போய் செல்பி எடுப்பவர்களை அங்கே பார்ப்பீர்கள். அவர்கள் நிற்கிற தரையும் அதே பாறைதான். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடத் தூரத்தில் லாக் ஆர்ட் கார்ஜ் என்று பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஒரு குறுகிய கடல் இடுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள், எனக்கு அப்போஸ்தலர்களை விட அதுதான் பிடிக்கும். 1878 ஜூன் 1ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் பயணம் செய்து மெல்பர்னை நெருங்கிவிட்ட லாக் ஆர்ட் என்ற கப்பல் அங்கே பாறையில் மோதியது. 54 பேரில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள், டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமியும் ஈவா கார்மைக்கேல் என்ற பெண்ணும், இரண்டு பேருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. அவர் அவளைக் கரைக்கு இழுத்து வந்து, குகையில் விட்டுவிட்டு, செங்குத்தான சுவரில் ஏறி உதவிக்கு ஆள் தேடிப் போனார். ஊரே இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தது, நாமும் அப்படித்தான் எதிர்பார்ப்போம். ஆனால் குடும்பத்தையே அந்தக் கடலில் இழந்த அந்தப் பெண் அயர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டார். படியிறங்கி அந்த மணலில் நின்று இரண்டு பக்கச் சுவரையும் பாருங்கள், எப்படி ஏறினார் என்று கழுத்து வலிக்கும்.

சரி, இரவு தங்குவது. அந்தப் பாறைகளுக்குப் பக்கத்து ஊரான போர்ட் கேம்பெல்லில் அறை எடுங்கள், ஆனால் இப்போதே எடுங்கள், கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி பாதி வரைக்கும் அந்த நாட்டுக்கே விடுமுறை. டிசம்பரில் சூரியன் மறைய இரவு எட்டரை தாண்டிவிடும், அதனால் அவசரமே இல்லை, டூர் பஸ்ஸெல்லாம் கிளம்பிய பிறகு அப்போஸ்தலர்கள் முன்னால் நிதானமாகப் போய் நிற்கலாம். இருட்டின பிறகு கீழே மணலில் சின்னச் சின்ன பென்குவின்கள் கரையேறும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அதற்கப்புறம் மெல்பர்னுக்கு ஓட்டக் கூடாது, இருட்டில் கங்காரு ரோட்டுக்குக் குறுக்கே பாயும். நானும் என் மனைவியும் இரண்டாவது தடவை போனது ஜூலையில், அங்கே அது குளிர்காலம், ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதை நான் பார்க்கவே இல்லை. ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், கும்மிருட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம், ஒன்றும் தெரியவில்லை, அடியில் ஏதோ பெரிய கதவை யாரோ திறந்து திறந்து மூடுகிற மாதிரி அலைச் சத்தம் மட்டும். என் மனைவி "இவ்வளவு தூரம் இருட்டைப் பார்க்கக் கூட்டி வந்தீர்களா" என்றாள். மறுநாள் விடியற்காலையில் மறுபடி போனோம், எங்களைத் தவிர அங்கே மூன்று பேர்தான்.

டிசம்பர் என்பதால் இன்னொன்று, அது அங்கே காட்டுத்தீக் காலம். 2015 கிறிஸ்துமஸ் அன்று வை ரிவர் பக்கம் நூறு வீடுகளுக்கு மேல் எரிந்தன, ரோட்டை மூடிவிட்டார்கள். பயமுறுத்தவில்லை, விக்எமர்ஜென்சி என்ற ஆப்பைப் போனில் போட்டு அன்று காலை ஒரு தடவை பாருங்கள், தம்பிக்கே தெரிந்திருக்கும். மழைக்குப் பிறகு மண் சரிந்தும் ரோட்டை மூடுவார்கள். கடலில் இறங்குவதாக இருந்தால் லோர்ன் மாதிரி ஊர்களில், சிவப்பு மஞ்சள் கொடி நட்டிருக்கிற இடத்துக்கு நடுவில் மட்டும். மற்ற இடங்களில் உள்ளே இழுக்கிற நீரோட்டம் இருக்கும், தண்ணீர் மேலே அமைதியாகத்தான் தெரியும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அப்போஸ்தலர்களைப் பார்க்கிற இடம் அவருக்குச் சிரமமே இல்லை, கார் நிறுத்தத்திலிருந்து ரோட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை, அதைத் தாண்டினால் சமமான நடைபாதை. பக்கத்தில் கடற்கரைக்கு இறங்குகிற கிப்ஸன் ஸ்டெப்ஸ் மட்டும் வேண்டாம், 86 படி, இறங்கிவிடலாம், ஏற வேண்டுமே. லாக் ஆர்டிலும் அவர் மேலே நின்று பார்க்கட்டும், நீங்கள் பிள்ளைகளோடு இறங்கிவிட்டு வாருங்கள். அப்புறம் அந்தச் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும் காற்று கன்னத்தில் அறைகிற மாதிரி அடிக்கும், தெற்கே அண்டார்டிகா வரைக்கும் தடுக்க ஒரு நிலம் கிடையாது. டிசம்பரில் கோடைதானே என்று சொல்வார், கேட்காதீர்கள், ஒரு ஸ்வெட்டரும் காதை மூடுகிற குல்லாவும் எடுத்துப் பையில் வைத்துவிடுங்கள். புடவை முந்தானைக்கு இரண்டு பின் கூடுதலாக.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.