ஒரே அலையில் வறட்சியும் வெள்ளமும்

அவையோரே, வேளாண் பெருமக்களே, வணக்கம்.

2010ஆம் ஆண்டுக் கோடையில் ரஷ்யாவின் வோல்கா சமவெளியில் கோதுமை கருகியது. அதே காலத்தில் பாகிஸ்தானில் சிந்து நதி கரைபுரண்டு பருத்தியையும் நெல்லையும் மூழ்கடித்தது. இரு வேறு செய்திகளாக நாம் படித்த இவ்விரண்டும் வானில் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

வெப்ப மண்டலத்துக்கு வடக்கே, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் காற்றோட்டம் எனப்படும் வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்காக, வடக்கும் தெற்குமாக வளைந்து வீசுகிறது. ரோஸ்பி அலைகள் எனப்படும் இவ்வளைவுகள் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் அங்கே வெயிலும் மழையும் மாறிமாறி வருகின்றன. அலை நகராமல் நின்றுவிட்டால் பயிருக்குக் கேடு. அவ்வாண்டு அலை அப்படி நின்றதால், ஜூன் இறுதியில் மேற்கு ரஷ்யாவின் மீது நிலைகொண்ட உயர் காற்றழுத்தம் ஆகஸ்டு நடுப்பகுதி வரை விலகவில்லை. கீழிறங்கிய காற்று அழுந்திச் சூடேறியது, மேகம் திரளவில்லை, மேற்கிலிருந்து வர வேண்டிய மழையும் விலகிப்போனது. மண்ணில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் ஒரு பகுதி அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் தீர்ந்தபின் அந்த வெயிலும் காற்றைச் சுடவைக்கவே போகும். ஜூலை 29 அன்று மாஸ்கோவில் வெப்பம் 38.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

கதிர் பால்பிடித்து மணி முற்றும் பருவத்தில் இத்தகைய வெப்பம் தாக்கினால், மாவுச்சத்து சேர்வதற்கு வேண்டிய நாட்கள் குறைந்து, பயிர் அவசரமாகப் பழுத்துவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் கதிர் நன்றாகவே தெரியும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால்தான் மணிகள் சுருங்கிப் பதராகிக் கிடப்பது புலப்படும். முந்தைய ஆண்டு சுமார் 9.7 கோடி டன்னாக இருந்த ரஷ்யத் தானிய விளைச்சல் 6.1 கோடி டன்னாகச் சரிந்தது. ஆகஸ்டு 15 முதல் ரஷ்யா தானிய ஏற்றுமதியை நிறுத்தியது. ரஷ்யக் கோதுமையைப் பெரிதும் நம்பியிருந்த எகிப்து திண்டாடியது.

அந்த உயர் அழுத்தத்தின் கிழக்கு ஓரமாக அலை தெற்கே வளைந்தது. அவ்வழியே இறங்கிய மேலடுக்குக் குளிர்காற்று, பருவக்காற்று சுமந்து வந்த ஈரத்தை வடக்குப் பாகிஸ்தானின் மலைச்சரிவுகளில் சந்தித்தது. ஜூலை இறுதியில் அங்கே கொட்டிய மழை, வாரக்கணக்கில் நதிவழியே இறங்கிச் சிந்து மாகாண வயல்களை அடைந்தது. ஏறத்தாழ 2 கோடி மக்கள் பாதிக்கப்பட்டனர். நின்ற பயிர் போனதோடு, அடுத்த விதைப்புக்கென வீட்டில் சேர்த்துவைத்திருந்த கோதுமை விதையும் வெள்ளத்தில் போயிற்று என்பதே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

முழுப் பழியையும் இந்த அலைமீது போடுவது சரியன்று. பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதிகளில் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா நிலை அப்போது உருவாகிவந்தது; அதுவும் பருவமழைக்கு வலுவூட்டியது. புவி வெப்பமடைதலும் வெயிலைக் கடுமையாக்கியது. ஆயினும் ஒரு நாட்டின் இழப்பை மற்றொரு நாட்டின் விளைச்சல் ஈடுசெய்யும் என்ற நம்பிக்கையில் தானியக் கையிருப்பைத் திட்டமிடுவோர், தொலைதூர வயல்கள் ஒரே அலையால் ஒருங்கே சேதமாகும் ஆண்டுகளுக்கும் சேர்த்தே இருப்பு வைக்க வேண்டும்.