பொய் இல்லாத ஏமாற்று

(திரையில்: போனில் இருவர்)

“பணம் கட்டிட்டியா?”
“காலையிலேயே பேங்குக்குப் போயிட்டேன்பா.”

(குரல்)
பேங்குக்குப் போனது நிஜம். வரிசையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாமல் திரும்பியதும் நிஜம். இரண்டாவதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பொய் எங்கே என்று கேட்டால் எந்த வார்த்தையிலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனால் போனை வைத்தவர், பணம் கட்டியாச்சு என்ற நிம்மதியில் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தருமர் சொன்ன அசுவத்தாமன் சமாச்சாரம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைப் பார்ப்போம்.

(திரையில்: 1966, அமெரிக்கா, திவால் விசாரணை)

சாமுவேல் பிரான்ஸ்டன், பிரமாண்டப் படங்கள் எடுத்த தயாரிப்பாளர். கம்பெனி நொடித்துப்போக, கடன் கொடுத்தவர்களில் ஒருவரின் வக்கீல் அவரைச் சத்தியப் பிரமாணத்தோடு விசாரிக்கிறார். சுவிஸ் வங்கிகளில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? இல்லை. எப்போதாவது இருந்ததா? கம்பெனிக்கு அங்கே ஒரு ஆறு மாதம் கணக்கு இருந்தது, சூரிச்சில்.

அந்த இரண்டாவது பதிலைக் கவனியுங்கள். கேள்வி அவரைப் பற்றியது. பதில் கம்பெனியைப் பற்றியது. கம்பெனிக்குக் கணக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அவர் பேரிலேயே ஜெனீவாவில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஒரு கணக்கு இருந்தது, அதில் 1,80,000 டாலருக்கு மேல் புழங்கியிருந்தது. வக்கீலோ நழுவலைக் கவனிக்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பொய்ச்சாட்சி சொன்னார் என்று பிரான்ஸ்டனுக்குத் தண்டனை கிடைத்தது. 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்து செய்தது. அவர் சொன்னது அட்சர சுத்தமாக உண்மை, பதில் நழுவினால் மடக்கிக் கேட்க வேண்டியது வக்கீலின் பொறுப்பு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சட்டத்துக்கு அது சரி. குறுக்கு விசாரணை செய்ய அங்கே ஆள் இருக்கிறது. வீட்டிலும் நட்பிலும் யாரும் ஃபைலும் கையுமாக வந்து மடக்குவதில்லை. “கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்ற வாதம் அங்கே எடுபடாததற்கு அதுதான் காரணம். எதைக் கேட்க வேண்டும் என்பதே எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2017-ல் வெளிவந்த உளவியல் ஆய்வு ஒன்றில், உண்மைத் தகவலை வைத்தே ஏமாற்றியவர்கள் தாங்கள் செய்தது பொய் அளவுக்கு மோசமில்லை என்று கருதினார்கள். ஏமாந்தவர்கள் அதைப் பொய்க் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

சரி, முழு நேர்மை என்றால் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவதா? இல்லவே இல்லை. நம்பிச் சொன்னவரின் ரகசியம், உங்கள் உடல்நிலை, சம்பளம், இதையெல்லாம் சொல்லாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. “அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை” என்பது முழு நேர்மையான பதில், கேட்பவருக்குச் சங்கடமாக இருந்தாலும். கதவு மூடியிருப்பது அவருக்குத் தெரிகிறது. அரை உண்மையோ கதவையே சுவர் மாதிரி பூசி மறைத்துவிடுகிறது.

சொன்ன வாக்கியம் சரியா என்பதோடு நிறுத்தாமல், கேட்டவர் இப்போது எதை நம்பிக்கொண்டு போகிறார் என்றும் பாருங்கள். அவர் தப்பாகப் புரிந்துகொள்வதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை, உண்மைதான். ஆனால் அவர் தப்பாகப் புரிந்துகொண்டது தெரிந்து, “அப்பாடா” என்று இருந்தால், “இருங்க, முழுசா சொல்லிடறேன்” என்று அங்கேயே மிச்சத்தையும் சொல்லிவிடுங்கள். நாலு நாள் கழித்து அது வேறொருவர் மூலம் அவர் காதுக்குப் போனால், “நான் பொய் சொல்லலையே” என்பதை அவர் காதில் வாங்கமாட்டார்.