நாற்பது நிமிடத்தில் ஒரு தட்டு

வணக்கம் நேயர்களே. இசையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது, நான் பாடவும் மாட்டேன், ஒரு வாத்தியமும் வாசிக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு இருக்கிற ஒரே தகுதி, நான் ஒரு தாளக்காரருடைய மகன்.

ஐயா கோயில் மேளத்தில் தாளம், அதாவது கைக்குள் பிடித்து ஒன்றோடொன்று தட்டுகிற அந்த இரண்டு உலோகத் தட்டுகளை, போட்டவர். நாயனக்காரரின் பெயரும் தவில்காரரின் பெயரும் திருவிழா நோட்டீசில் கொட்டை எழுத்தில் வரும், தாளக்காரரின் பெயர் வராது. ஆனால் விடிய விடிய மேளச்சமா நடக்கும்போது நாயனக்காரர் மூச்சு வாங்கலாம், தவில்காரர் துண்டால் முகம் துடைக்கலாம், வெற்றிலை போடலாம், ஐயாவின் கை மட்டும் நிற்க முடியாது. அவருடைய வலது கைப் பெருவிரல் அடியில் காய்ச்சிப்போன தோல் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. இணுவில் தட்சணாமூர்த்தியின் தவிலுக்குத் தாளம் போட்டவர் என்று சொல்லிக்கொள்ள ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஐயா அப்படிச் சொன்னதே இல்லை, அதனால் அவர் ஒருவேளை உண்மையிலேயே போட்டிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாசி மாதம் ரொறன்ரோவில் மகளோடு நின்றேன். வெளியில் பனி, வீட்டுக்குள் அடைந்து கிடந்து அலுத்துப்போனது. ஒருநாள் பிள்ளை சிம்பொனிக்கு, அதாவது பெரிய வாத்தியக் குழு வாசிக்கிற மேல்நாட்டுக் கச்சேரிக்கு, ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்தாள், ரொமான்டிக் காலத்து இசையாம். காதல் பாட்டோ என்று கேட்டேன், சிரித்தாள். அந்தப் பெயருக்கும் காதலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த இசையைப் பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். குழுவும் பெருத்து, வாத்தியங்களும் திருந்தி, மனதில் இருப்பதை ஒளிக்காமல் கொட்டிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபுறோவிலிருந்து போகிற வழியில், ரெயினுக்குள் வைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். "அப்பா, இண்டைக்கு வாசிக்கப் போற சிம்பொனியில தாளம், சிம்பல் எண்டு சொல்லுற பெரிய தட்டு, ஒரேயொரு தரம்தான் அடிப்பினம். முழுக்க நாற்பது நிமிஷத்துக்கு மேல வரும், அதில ஒரு தட்டு. அதுவும் பலமா இல்லை." எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு தட்டுக்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைப்பார்களா? ஐயா இருந்திருந்தால் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருப்பார்.

1982 இல் திறந்த ரோய் தொம்சன் மண்டபத்தில்தான் கச்சேரி. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி. மகள் எடுத்தது மேடைக்குப் பக்கவாட்டில் உள்ள மாடிக் கதிரைகள், விலை குறைவு. எனக்கு அது நல்லதாகப் போய்விட்டது, காற்று வாத்தியக்காரருடைய முகமும் பின்வரிசைத் தாளக்காரருடைய முகமும் வடிவாகத் தெரிந்தன.

தொடங்குவதற்கு முன் சுருதி சேர்த்தார்கள். நமக்குச் சுருதி பிடிக்க ஒத்து என்கிற குழல் இருக்கிறது, சுருதிப் பெட்டி இருக்கிறது. அங்கே ஓபோ என்கிற சிறிய கறுத்தக் குழல் ஒரு சுரத்தை இழுக்க, அத்தனை பேரும் அதிலே வந்து சேர்கிறார்கள். நொடிக்கு 440 அதிர்வு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், சில குழுக்கள் கொஞ்சம் கூட்டியும் வைக்கும். ஓபோக்காரர் வாசிக்க முன் வாய்க்குள் எதையோ வைத்து ஈரப்படுத்துகிறார், உற்றுப் பார்த்தேன், சீவாளி! நம்முடைய நாயனத்தில் இருப்பது போலவே இரண்டு நாக்குச் சேர்ந்த சீவாளி, நாணல் தட்டையைச் சீவி நூல் சுற்றிக் கட்டியது. அங்கேயும் பல வித்துவான்கள் கத்தி வைத்துத் தங்கள் கையாலேயே சீவுகிறார்களாம். அதற்குப் பிறகு அந்நிய இடத்தில் இருக்கிறேன் என்ற கூச்சம் எனக்குப் போய்விட்டது.

முதல் பாதியில் புருக் எழுதிய வயலின் கொன்செர்ட்டோ, ஒரு வயலின்காரர் முன்னுக்கு நின்று வாசிக்க முழுக் குழுவும் கூட வாசிக்கிறது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு மண்டையில் ஓடியது முழுக்க அந்த ஒற்றைத் தட்டுத்தான், ஆகவே அதைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் பொய்யாகப் போய்விடும்.

இடைவேளைக்குப் பிறகு துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து' என்று பெயர். அந்த மனிதரின் கதை நமக்குப் புதிதல்ல. பொஹீமியாவில் ஒரு கிராமத்தில் இறைச்சிக் கடைக்காரருடைய மகன், நல்ல சம்பளத்துக்கு 1892 இல் நியூயோர்க்குக்குப் போய் ஓர் இசைக் கல்லூரிக்குத் தலைவரானார். அடுத்த வருஷம் வைகாசியில் இந்தச் சிம்பொனியை எழுதி முடித்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு எங்கே போனார் தெரியுமா? அயோவா மாநிலத்தில் ஸ்பில்வில் என்று ஒரு சின்ன ஊர், அவருடைய நாட்டுச் சனம் குடியேறி இருந்த ஊர். அமெரிக்கா முழுக்க இருக்க, தன் பாஷை கதைக்கிற ஆட்களைத் தேடிப் போயிருக்கிறார். நம்மவர் லண்டனிலிருந்து விடுமுறைக்கு ஸ்காபுறோ வந்து இடியப்பம் சாப்பிடுகிற மாதிரி.

இரண்டாம் பகுதி மெதுவானது. முதலில் பித்தளை வாத்தியங்கள் கோயில் வாசலைத் திறந்துவிடுவது போல ஏழு சுரக்கூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கின்றன, பிறகு ஓபோவின் அக்கா மாதிரி இருக்கிற கோர் ஆங்லே என்கிற குழல் தனியாகப் பாடத் தொடங்குகிறது. அதுவும் சீவாளி வாத்தியம்தான், குரல் இன்னும் தாழ்ந்தது. அதை வாசித்த பெண் தொடங்க முன் சீவாளியை வாயில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த மெட்டைக் கறுப்பின மக்களின் பழைய பக்திப் பாட்டு என்று நினைக்கிறவர்கள் பலர். நடந்தது தலைகீழ். மெட்டு துவோர்ஷாக்கினுடையது, அதற்கு வீடு திரும்புவதைப் பற்றிச் சொற்கள் போட்டது அவருடைய மாணவர், 1922 இல்.

அந்தப் பகுதியின் கடைசிப் பக்கம் போகும்போது அவ்வளவு வயலின்களும் ஓய்ந்து பத்தே பத்துப் பேர் வாசிக்கிறார்கள், வாசித்துக்கொண்டே வந்து நடுவிலே நிறுத்துகிறார்கள். மௌனம். பிறகு இரண்டு சுரம். திரும்பவும் மௌனம். செத்தவீட்டில் ஒப்பாரி சொல்கிற ஆச்சி நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டுத் தொடருவாவே, அதேதான். எனக்குத் தொண்டை அடைத்தது. மகள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிந்ததும் கைதட்டப் போனேன், பிள்ளை கையைப் பிடித்துவிட்டாள். பகுதிகளுக்கு நடுவில் தட்டக்கூடாதாம். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. நல்லூரில் ஒரு நல்ல பிடி விழுந்தால் "ஆஹா" என்று சொல்லாமல் இருந்தவன் ரசிகனா? 1893 மார்கழியில் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் இதை முதன்முதலில் வாசித்தபோது சனம் தட்டிய தட்டில், தான் ஓர் அரசன் மாதிரி எழும்பி நன்றி சொல்ல வேண்டி வந்தது என்று துவோர்ஷாக்கே கடிதம் எழுதியிருக்கிறார். இந்த அடக்கமெல்லாம் பிறகு வந்தது.

இன்னொன்று. டியூபா என்கிற பெரிய பித்தளை வாத்தியம், 1835 இல் பெர்லினில் காப்புரிமை எடுத்தது, இந்தச் சிம்பொனியில் அதற்கு வேலை அந்த மெதுவான பகுதியில் மட்டும்தான், அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய சுரங்கள். மற்ற நேரமெல்லாம் அந்த மனிதர் குழந்தையை மடியில் வைத்தது போல அதை அணைத்தபடி இருந்தார். சும்மா இருக்கவில்லை. எண்ணிக்கொண்டு இருந்தார், உதடு அசைந்தது.

மூன்றாம் பகுதியில் நம் தாளக்காரர் முக்கோணக் கம்பி ஒன்றைத் தட்டினார். நாலாம் பகுதி பித்தளை முழக்கத்தோடு தொடங்கியது, நாலு நாலாக எண்ணுகிற கணக்கு. என் கை என்னை அறியாமல் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது, ஐயாவின் பழக்கம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தா. நான் கையை எடுத்து, தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, நிமிர்ந்து மேடையைப் பார்த்தால், அந்த மனிதர் தாளத்தைக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறார்!

மிச்சம் பத்து நிமிடம் அளவில், மற்றவர்கள் எல்லாரும் வியர்க்க விறுவிறுக்க வாசிக்க, அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார், நான் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். முடிந்த பிறகு நடத்துநர் ஒவ்வொருவராக எழுப்பிவிட்டார், முதலில் கோர் ஆங்லே வாசித்த பெண்ணை, கடைசியில் பின்வரிசையை. தாளக்காரர் எழும்பியபோது நான் தட்டியதில் கை சிவந்துவிட்டது.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள், "அப்பா, அந்தத் தட்டைக் கேட்டனீங்களோ?" கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அவள் வேலைக்குப் போன பிறகு யூடியூப்பில் போட்டு, காதுக்குள் கருவியைச் செருகி, மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. சூடான தாச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது போல, அவ்வளவுதான்.

இப்போது நிலையத்தார் அந்த நாலாம் பகுதியைப் போடப் போகிறார்கள். தொடங்கி ஒன்றரை நிமிடம் தாண்டியதும், இரண்டு நிமிடம் ஆவதற்குள், அது வரும். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் கதைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.