எந்தப் படியில் திரும்பிப் போகிறார்கள்?

வணக்கம் நேயர்களே.

சின்னதாகக் கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்பவர்கள், டியூஷன் சென்டர் நடத்துபவர்கள், இவர்களோடு பல வருஷமாகப் பேசி வருகிறேன். விளம்பரம் எப்படிப் போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "செலவு பண்ணினோம் சார், பெரிசா ஒண்ணும் வரலை." எவ்வளவு செலவு என்றால் கைவிரலில் வைத்திருப்பார்கள். நோட்டீஸ் அச்சடிக்க இவ்வளவு, பேப்பருக்குள் வைத்துப் போட இவ்வளவு, ஆட்டோவில் மைக் கட்ட இவ்வளவு. சரி, அதைப் பார்த்து எத்தனை பேர் விசாரித்தார்கள்? அங்கே பேச்சு நின்றுவிடும்.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பேச்சுக்கு ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். 5,000 நோட்டீஸ் போட்டார்கள். 100 பேர் போன் செய்தார்கள். அதில் 20 பேர் கடைக்கு வந்தார்கள். 15 பேர் வாங்கினார்கள். கடைக்காரர் கடைசி எண்ணை மட்டும் பார்த்து, "5,000 நோட்டீஸுக்கு 15 பேர்தானா? இனி நோட்டீஸே வேண்டாம்" என்கிறார். ஆனால் படிப்படியாகப் பாருங்கள். கடைக்குள் வந்த 20 பேரில் 15 பேர் வாங்கியிருக்கிறார்கள். சரக்கு நன்றாக இருக்கிறது, விலையும் பரவாயில்லை என்று அர்த்தம். நோட்டீஸும் 100 பேரைப் போன் எடுக்க வைத்திருக்கிறது. அந்த நூறு பேரில் 80 பேர் எங்கே போனார்கள்?

போனை எடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். "விலை எவ்வளவு?" என்று கேட்டவருக்கு "நேர்ல வாங்க, சொல்றோம்" என்று பதில் போயிருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கலாம். நோட்டீஸை எத்தனை தடவை மாற்றி அடித்தாலும் இது சரியாகாது. போன் பக்கத்தில் ஒரு விலைப்பட்டியலை ஒட்டிவைத்தால் சரியாகலாம். அதற்கு ஆகும் செலவு எவ்வளவு, நீங்களே சொல்லுங்கள்.

மொத்தத்தைப் பார்க்காதீர்கள், படியைப் பாருங்கள். இதை இன்றைக்கு இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 2007 டிசம்பர். பராக் ஒபாமா அதிபர் பதவிக்குப் போட்டியிடக் களத்தில் இருக்கிறார். அவருடைய பிரசார இணையதளத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வந்தவர்களில் 100க்கு 8 பேர்தான் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். மீதி 92 பேர் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கவனியுங்கள், ஆள் வருவதில் குறையே இல்லை. வந்தபிறகு அடுத்த படியில்தான் குறை.

அங்கே டான் சிரோக்கர் என்ற இளைஞர் இருந்தார், கூகுளிலிருந்து பிரசாரத்துக்கு வந்தவர். அவரும் குழுவினரும் முகப்புக்கு மூன்று புகைப்படம், மூன்று வீடியோ என்று ஆறு எடுத்துக்கொண்டார்கள். பதிவு செய்யும் பட்டனில் எழுத நான்கு வாசகங்கள். எல்லாம் சேர்த்து 24 விதமான பக்கங்கள். வருகிறவர்களில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரியும்படி செய்தார்கள். சுமார் 3,10,000 பேர் பார்த்தார்கள்.

குழுவில் இருந்தவர்களுக்கு ஒரு வீடியோதான் ரொம்பப் பிடித்திருந்தது. அதுதான் ஜெயிக்கும் என்று நினைத்தார்கள். எண்கள் வந்தன. மூன்று வீடியோக்களுமே மூன்று புகைப்படங்களையும்விடப் பின்தங்கிவிட்டன! ஜெயித்தது ஒபாமா மனைவி, மகள்களோடு இருந்த ஒரு குடும்பப் படமும், "மேலும் அறிய" என்று சொன்ன பட்டனும். 100க்கு 8 என்பது 11ஐத் தாண்டியது. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பிரசாரம் முடிவதற்குள் இதனால் மட்டும் கூடுதலாக 28 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருப்பார்கள் என்று சிரோக்கர் பின்னால் கணக்குச் சொன்னார். அவ்வளவு கெட்டிக்காரர்கள் கூடியிருந்த இடத்திலேயே கணிப்பு தப்பியது என்றால், நம் கடையில் நமக்குப் பிடித்த போஸ்டர்தான் சிறந்தது என்று எப்படி முடிவு கட்டுவது?

"அவர்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது, என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். வடக்குத் தெருவுக்கு மஞ்சள் நோட்டீஸ், பஸ் ஸ்டாண்ட் பக்கம் பச்சை நோட்டீஸ், கொண்டு வந்தால் 10 ரூபாய் தள்ளுபடி. ராத்திரி கல்லாவை எண்ணும்போது அந்தச் சீட்டுகளையும் எண்ணுங்கள். போனில் பேசுகிறவரிடம் "எங்களைப் பற்றி எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துவையுங்கள். லைக் எத்தனை என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுதினால் போதும். லைக் போட்டவர் கடைக்கு வந்தாரா என்பதுதான் படி. மறுபடியும் சொல்கிறேன், படியைப் பாருங்கள்.

இன்னொன்று, ஆடித் தள்ளுபடி விற்பனையை ஆனி மாதத்தோடு ஒப்பிட்டு "விளம்பரம் பிச்சுக்கிட்டுப் போகுது" என்று சந்தோஷப்படக் கூடாது. ஆடியைப் போன வருஷ ஆடியோடு வையுங்கள், தீபாவளியைத் தீபாவளியோடு வையுங்கள். ஒரு வாரத்தில் வந்த ஐந்தாறு பேரை வைத்தும் தீர்ப்பு எழுத வேண்டாம், ஒன்றிரண்டு மாதமாவது சேரட்டும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வருகிறாரா என்பதுதான் கடைசிப் படி. அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பில்லில் வாடிக்கையாளரின் போன் நம்பரைக் குறித்துக்கொள்கிற கடைக்காரர்கள், மூன்று மாதமாக வராதவர்கள் யார் யார் என்று அதிலிருந்து ஒரு பட்டியல் எடுங்கள். அதில் பத்துப் பேரிடமாவது நீங்களே பேசுங்கள், வேலையாளிடம் விட்டுவிடாதீர்கள். அவர்கள் சொல்லும் காரணத்தையும் அதே நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.