மலட்டு அந்துப்பூச்சியும் நம் கரிசல் பருத்தியும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசலில் பருத்தி போடுகிறவர்கள் இந்தப் பூவைப் பார்த்திருப்பீர்கள். விரிய வேண்டிய பூ விரியாமல், முறுக்கிக்கொண்டு, சின்ன ரோஜா மொட்டு மாதிரி நிற்கும். பிரித்தால், இதழ்களை நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஒரு புழு இருக்கும். அதுவே காய்க்குள் போய்விட்டால் வெளியே ஓட்டைகூடத் தெரியாது. காய் வெடித்த பிறகுதான் கறைபட்ட பஞ்சும், ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைக் கொட்டையும் கண்ணில் படும். இதுதான் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இது வளர்ந்தால் அந்துப்பூச்சியாகிப் பறக்கும். காய்க்குள் போன புழுவின் மேல் எந்த மருந்தும் படுவதில்லை.

இப்படிப்பட்ட பூச்சியை அதன் இனப்பெருக்கத்திலேயே மடக்கலாம் என்று கணக்குப் போட்டவர் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் நிப்ளிங். 1909-ல் டெக்சாஸில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கையில் எடுத்தது வேறொரு பூச்சி. கால்நடைகளின் காயத்தில் முட்டையிடும் ஓர் ஈ. அதன் புழு உயிருள்ள சதையையே தின்னும். அந்தப் பெண் ஈ வாழ்நாளில் ஒரே முறைதான் இணையும். அந்த ஒரு முறையும் மலட்டு ஆணோடு என்றால்?

எக்ஸ் கதிர் பட்டால் பூச்சியின் மரபணு மாறும் என்று ஹெர்மன் முல்லர் 1927-லேயே காட்டியிருந்தார். அதை வைத்து நிப்ளிங்கின் தோழர் ரேமண்ட் புஷ்லண்ட் ஈயின் கூட்டுப்புழுக்களுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தார். அதிலிருந்து வந்த ஆண் ஈ நன்றாகப் பறக்கும், பெண்ணோடு இணையும். ஆனால் விந்தணுவின் குரோமோசோம் உடைந்திருப்பதால் கரு வளராமல் முட்டைக்குள்ளேயே செத்துவிடும்.

கணக்கைக் கேளுங்கள். ஒரு பகுதியில் ஆயிரம் ஆண், ஆயிரம் பெண். அங்கே ஒன்பதாயிரம் மலட்டு ஆண்களை விடுகிறோம். பத்துப் பெண்ணில் ஒன்றுக்குத்தான் நல்ல ஆண் கிடைக்கும். ஒரு சோடிக்கு ஒரு சோடிதான் பிழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த தலைமுறையில் ஆண் நூறு, பெண் நூறு. மறுபடி அதே ஒன்பதாயிரம். இப்போது ஒரு நல்ல ஆணுக்குத் தொண்ணூறு மலட்டு ஆண். அதற்கடுத்த தலைமுறையில் ஒரு சோடி மிஞ்சினாலே அதிகம். உண்மையில் பூச்சி இதைவிட வேகமாகப் பெருகும். அதற்கேற்பக் கூடுதலாக விட வேண்டும். மருந்து, பூச்சி மலிந்து கிடக்கும்போது நிறையக் கொல்லும். குறையக் குறைய, மிச்சத்தைத் தேடிப் பிடிக்க அதற்குத் தெரியாது. மலட்டு ஆணுக்கோ, பூச்சி குறையக் குறையத்தான் பலம் கூடுகிறது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

1954-ல் கரீபியக் கடலில் உள்ள குரசாவோ தீவில் இதைச் செய்து, சில மாதங்களில் அந்த ஈயை ஒழித்தார்கள்.

இனி நம் பருத்திப் புழுவுக்கு வருவோம். புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்தி நம் நாட்டுக்கு 2002-ல் வந்தது. விதைப் பொட்டலத்தோடு பி.டி. இல்லாத விதையும் சின்னப் பொட்டலமாக வந்தது நினைவிருக்கும். ஓரத்தில் அதை விதைத்தால், பி.டி.க்குச் சாகிற சாதுவான பூச்சிகள் அதில் பிழைத்திருக்கும். எதிர்ப்புப் பெற்ற பூச்சி அவற்றோடு இணைந்தால், பிறக்கும் புழு பெரும்பாலும் பி.டி.க்குச் செத்துப்போகும். பலரும் அதை விதைக்கவில்லை. எதிர்ப்புப் பெற்ற பூச்சி தன்னைப்போன்ற பூச்சியோடே இணைந்தது. பி.டி. பருத்தியைத் தின்றும் இந்தப் புழு சாகவில்லை என்று 2010-ல் குஜராத்திலிருந்து சேதி வந்தது.

அமெரிக்காவின் அரிசோனாவில் வேறு வழி கண்டார்கள். 2006 முதல், ஓரப் பயிருக்குப் பதிலாக மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் தூவினார்கள். ஆய்வகப் புழுவின் தீனியில் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள். பொறியில் விழுந்ததை நசுக்கிப் பார்த்து உள்ளே சிவப்பாக இருந்தால், விட்ட பூச்சி; இல்லையென்றால் வயலில் பிறந்தது. பி.டி. பருத்தி, பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆணை ஏமாற்றும் இனக்கவர்ச்சி, அறுவடை முடிந்ததும் உழவு என்று எல்லாம் சேர்ந்தே நடந்தது. 2018-ல் அமெரிக்கா தன் பருத்தி வயல்களில் இந்தப் புழு இல்லை என்று அறிவித்தது.

கண்மாய்க் கரையில் ஒருவர் மட்டும் தன் வயலுக்கு நேரே மண் போட்டால் தண்ணீர் நிற்காது. இதுவும் அப்படித்தான். பக்கத்துக் காட்டில் இணைந்த பெண் அந்து உங்கள் காட்டில் வந்து முட்டையிடும். ஒருவர் மட்டும் பணம் கொடுத்து இதை வாங்கிவிட முடியாது. ஊரே, சுற்றுப்பட்டே சேர வேண்டும். நம் அரசும் ஆய்வு நிலையங்களும் இதில் முதல் போட வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

மலட்டுப் பூச்சி இன்று நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்காது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நம் கையில் இருக்கின்றன. கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்திமாறை அடுப்புக்கென்று வரப்பில் அடுக்கி வைக்காதீர்கள். அதிலுள்ள காய்ந்த காய்களில்தான் புழு அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கிறது. ஊரோடு ஒரே சமயத்தில் விதையுங்கள். ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, தினம் விழும் அந்துக்களை எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஒரு பொறிக்கு ஓர் இரவில் எட்டு வீதம், மூன்று இரவு தொடர்ந்து விழுந்தால் உடனே வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் எத்தனை அந்து பறக்கிறது என்று தெரிந்தால்தான், எத்தனை மலட்டு ஆண் வேண்டும் என்று எங்களைப் போன்ற பூச்சி ஆய்வாளர்கள் கணக்குப் போட முடியும்.