கடைப் பலகையில் ‘பூ’ எங்கே போனது? நான்கு பக்கமும் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) விட்டுப் படம் எடுங்கள்!

[திரையில்: கைபேசி. மேப்பில் தேடியதும் வரும் கடைப் பட்டியல். அதில் ஒரு சின்னச் சதுரப் படம்.]

இந்தச் சதுரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ‘மாலை’. சரி, இப்போது இதே படத்தை முழுதாகத் திறக்கிறேன். ‘பூமாலை’!

இது என் சின்னம்மாவின் கடை. பினாங்கு லிட்டில் இந்தியாவில், மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று சரம் வாங்கும் தெருவில் இருக்கிறது. விடியும் முன்னே எழுந்து பூக்கட்டுகிறவர் அவர். ஒரு நாள் யாரோ ஒருவர் போன் போட்டு, “அக்கா, நீங்க சாயங்காலம்தான் கடை திறப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறார். சின்னம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் சொன்ன பிறகுதான் படத்தைத் தேடிப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது, வெளிச்சம்கூட அருமை. ஆனால் சதுரமாக வெட்டும்போது இடது ஓரத்தில் இருந்த ‘பூ’ போய்விட்டது.

பூக்கடைப் பலகையில் ‘பூ’ இல்லாமல் போனால் எவ்வளவு நஷ்டம்! கடை வைத்திருக்கிற அண்ணன், அக்கா, ஆன்ட்டி, அங்கிள் எல்லாரும் இந்த வீடியோவைக் கடைசி வரை பாருங்கள். காசு செலவில்லை. டிசைனரும் வேண்டாம். உங்கள் கைபேசி போதும்.

[திரையில்: எண்கள்.]

முதலில் எண்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேப்பில் உங்கள் கடையைக் காட்டுகிற பக்கம் முன்பு கூகுள் மை பிஸினஸ் என்று இருந்தது, 2021 முதல் கூகுள் பிஸினஸ் ப்ரொஃபைல். அதில் ஏற்றும் படம் ஜேபெக் அல்லது பிஎன்ஜி ஆக இருக்க வேண்டும். ஃபைல் 10 கேபிக்குக் குறையக்கூடாது, 5 எம்பிக்கு மேல் போகக்கூடாது. அகலமும் உயரமும் 720 பிக்சல் இருந்தால் நல்லது. 250க்குக் கீழே இருந்தால் ஆகாது. முகப்புப் படத்துக்கு, அதாவது கவர் ஃபோட்டோவுக்கு, அகலம் 16க்கு உயரம் 9 என்ற விகிதம். லோகோ சதுரம். வீடியோ போடுவதாக இருந்தால் 30 விநாடி, 75 எம்பி, அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறைய பேர் இந்த எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 720 வந்துவிட்டது, ஏற்றியாயிற்று, முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சின்னம்மா படமும் இந்த எண்களுக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது! படம் எவ்வளவு பெரியது என்பதைவிட எந்த வடிவத்தில் வெட்டுப்படும் என்பதுதான் முக்கியம் என்று நான் சொல்வேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

பெரும்பாலான கைபேசிகள் எடுக்கும் படம் 4க்கு 3. பல ஃபோன்களில் அது 4032 அகலம், 3024 உயரம். கைபேசியைப் படுக்கப் பிடித்து எடுத்த படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முகப்புக்காக 16க்கு 9 ஆக வெட்டினால் உயரம் 2268 ஆகிவிடும். போனது 756. அதாவது சரியாகக் கால் பங்கு. நடுவை வைத்து வெட்டினால் மேலே பாதி, கீழே பாதி. காலில் பாதி என்ன? அரைக்கால்!

இப்போது அதே படத்தைச் சதுரமாக வெட்டுங்கள். அகலம் 4032இலிருந்து 3024க்கு இறங்குகிறது. போனது 1008. அதுவும் சரியாகக் கால் பங்கு. இடது பக்கம் அரைக்கால், வலது பக்கம் அரைக்கால்.

பார்த்தீர்களா? அகலமாக வெட்டினால் மேலும் கீழும் அரைக்கால், சதுரமாக வெட்டினால் இரண்டு பக்கமும் அரைக்கால். அளக்கும் கருவி எதுவும் வேண்டாம், நம் பாட்டிகள் அரிசி அளந்த அதே கணக்கு. எட்டில் ஒன்று. படம் எடுக்கும்போது நான்கு ஓரத்திலும் எட்டில் ஒரு பங்கு இடத்தைச் சும்மா விடுங்கள். அங்கே சுவர் இருக்கலாம், வானம் இருக்கலாம், ஐந்தடித் தரை (கடைக்கு முன்னால் உள்ள நடைபாதை) இருக்கலாம். எழுத்து மட்டும் இருக்கக்கூடாது. சின்னம்மாவின் ‘பூ’ அந்த அரைக்காலுக்குள் நின்றதுதான் சிக்கல்.

கைபேசியை நிற்க வைத்து எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. 3024 அகலம், 4032 உயரம் உள்ள படத்தை 16க்கு 9 ஆக வெட்டினால் மிஞ்சும் உயரம் 1701தான். பாதிக்கு மேல் போய்விடும்.

நமக்கு இங்கேதான் ஒரு தனிச் சங்கடம். நம் பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைவீடுகள் எப்படி இருக்கும்? முன்பக்கம் ஒடுக்கம், மேலே மாடி, உள்ளே போகப் போக நீளம். கட்டடமே நின்றுகொண்டிருக்கும் செவ்வகம்! முகப்புப் படமோ படுத்துக்கொண்டிருக்கும் செவ்வகம். ஒன்றில் மற்றொன்று எப்படி அடங்கும்? முழுக் கடையும் தெரிய வேண்டும் என்று எதிர்ப்பக்க ஐந்தடிக்குப் போய் எடுத்தால், இந்தப் பக்கத்துத் துணிக்கடையும் அந்தப் பக்கத்துப் பாத்திரக்கடையும் சேர்ந்து வருகின்றன.

அதனால் என் யோசனை இது: கடைவீட்டின் முழு உருவத்தை முகப்புப் படமாக வைக்காதீர்கள். அதை வெளிப்புறப் படமாக ஏற்றுங்கள். கடையைத் தேடி வருகிறவர் தெருவில் நின்று அடையாளம் காண அது கட்டாயம் வேண்டும். முகப்புக்கு, இயல்பாகவே அகலமாக இருக்கிற எதையாவது எடுங்கள். பூக்கடை என்றால் மல்லிகையும் செவ்வந்தியும் பரப்பிய மேசை. மசாலாக் கடை என்றால் வரிசையாக நிற்கும் சாக்குகள். சாப்பாட்டுக் கடைக்கு வாழை இலையை மிஞ்சி எதுவும் இல்லை. இலையே படுத்துக்கொண்டிருக்கும் செவ்வகம்தான்! நீங்கள் வைத்த முகப்புப் படத்தையே கூகுள் எப்போதும் முதலில் காட்டும் என்று சொல்ல முடியாது, வேறு படத்தையும் எடுத்துக் காட்டும். அதனால் எல்லாப் படத்துக்கும் அரைக்கால் விடுங்கள்.

ஃபேஸ்புக் கவர் இன்னும் கடுமை. முன்பு ஃபேஸ்புக் சொன்ன அளவு கம்ப்யூட்டரில் 820க்கு 312, கைபேசியில் 640க்கு 360. ஒரே படம், இரண்டு இடத்தில் இரண்டு வெட்டு. 1640க்கு 720 என்று ஒரு படம் செய்து, முக்கியமானதை எல்லாம் நடுவில் 1280க்கு 624க்குள் வைத்துவிட்டால் இரண்டிலும் தப்பிக்கும். கைபேசிப் படத்தை அப்படியே போட்டால் கம்ப்யூட்டரில் உயரத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். மேலே கால், கீழே கால். அங்கே அரைக்கால் போதாது.

லோகோவைச் சதுரமாகச் செய்யுங்கள், ஆனால் வட்டமாக நினையுங்கள். பல இடங்களில் அதை வட்டமாக வெட்டித்தான் காட்டுகிறார்கள். சதுரத்துக்குள் வட்டம் போட்டால் நூற்றில் 21 பங்கு மூலைகளோடு போய்விடும். போன் நம்பரை மூலையில் எழுதியவர்கள் இப்போதே போய்ப் பாருங்கள்.

[திரையில்: மல்லிகைக் குவியல். படம் பெரிதாகிக்கொண்டே போகிறது. சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிகின்றன.]

இப்போது நான் இந்த வீடியோவை எடுக்கக் காரணமான பகுதி. கொஞ்சம் நீளும், ஆனால் தள்ளிவிடாதீர்கள்.

ஒரே கைபேசி, ஒரே அளவு, இரண்டு படம். வெள்ளைச் சுவரை எடுத்தால் ஃபைல் சின்னதாக இருக்கிறது. மல்லிகைக் குவியலை எடுத்தால் பல மடங்கு பெரிதாகிறது. பிக்சல் எண்ணிக்கை ஒன்றுதானே, ஏன் இப்படி?

ஜேபெக் படத்தை 8க்கு 8 என்று சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தில் 64 புள்ளி. 1024க்கு 576 முகப்புப் படம் என்றால் குறுக்கே 128 கட்டம், நெடுக்கே 72 கட்டம், மொத்தம் 9216. இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் 64 டப்பா. முதல் டப்பாவில் வெறும் ஒரே நிறம். அடுத்ததில் மெதுவாக வெளுத்துப் போகிற நிழல். அடுத்தடுத்து அகலக் கோடு, குறுகல் கோடு, கடைசி டப்பாவில் பொடிப்பொடியான கட்டம். படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் இந்த 64 டப்பாவிலிருந்து எது எவ்வளவு போட்டால் கிடைக்கும் என்று எழுதிவைக்கிறது ஜேபெக். மல்லி இரண்டு கரண்டி, சீரகம் அரைக் கரண்டி, கிராம்பு ஒரு துளி என்று எழுதுவது போல. பிறகு துளித்துளியாகக் கிடப்பதை விட்டுவிடுகிறது! நம் கண் பொடிக் கோடுகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விட்டது தெரிவதும் இல்லை. நிறத்தைவிட வெளிச்சத்தைத்தான் நம் கண் கூர்மையாகப் பார்க்கும், அதனால் நிறத்தை இன்னும் குறைவாக எழுதிவைப்பதும் உண்டு.

வெள்ளைச் சுவருக்கு ஒரே ஒரு டப்பா போதும். மல்லிகைக் குவியலுக்கு அலமாரியையே காலி செய்ய வேண்டும். அதனால்தான் ஃபைல் பெரிதாகிறது. படத்தை அளவுக்கு மேல் சுருக்கினால் சுவர் தப்பித்துக்கொள்கிறது, மல்லிகை மட்டும் கூழாகி, அந்த 8க்கு 8 கட்டங்கள் வெளியே தெரிகின்றன. பூக்கடைக்காரர்கள்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த 64 டப்பாக் கணக்கைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1972இல் இந்த ஆராய்ச்சிக்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பண உதவி கேட்டார். கிடைக்கவில்லை. மதிப்பிட்டவர்களில் ஒருவர், யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்கிற மாதிரி சொன்னதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. மாணவர் நடராஜனையும் சக ஆய்வாளர் ராவையும் சேர்த்துக்கொண்டு 1974இல் கட்டுரையை வெளியிட்டார். 1992இல் ஜேபெக் தரமாக வந்தபோது அதன் நடுவில் இருந்தது அந்தக் கணக்குதான். அகமது, நடராஜன், ராவ். லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நின்று கூப்பிட்டால் மூன்று பேருக்குமே ஆள் திரும்பிப் பார்ப்பார்கள்! இன்று நீங்கள் காலை வணக்கம் படம் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் கணக்கு வேலை செய்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களுக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, கடைக்கு வருவோம். மசாலா டப்பா கதையிலிருந்து இரண்டு விஷயம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஜேபெக்கை மறுபடி மறுபடி திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, ஃபோட்டோஸ்டேட் எடுத்து, அந்த ஃபோட்டோஸ்டேட்டையே மறுபடி ஃபோட்டோஸ்டேட் எடுத்தால் முகம் என்ன ஆகும்? அதேதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்று தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதுவும் மூலப் படம் ஆகாது. டாக்குமெண்ட் என்று அனுப்புங்கள், எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும். மூலப் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்துக்கும் அதிலிருந்தே புதிதாக வெட்டுங்கள்.

இரண்டு, போனது திரும்பி வராது. 300 பிக்சல் படத்தை இழுத்து 720 ஆக்கினால், சாம்பாரில் தண்ணீர் விட்ட கதைதான். அளவு கூடும், பருப்பு கூடாது.

படம் 5 எம்பியைத் தாண்டினால் அகலம் 2048க்குக் குறையுங்கள். 16க்கு 9க்கு அது 2048க்கு 1152. ஐஃபோனில் படம் ஜேபெக்காக இல்லாமல் எச்இஐசி என்ற வகையில் வந்தால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் வையுங்கள், இனி எடுப்பது ஜேபெக்காக வரும். லோகோவுக்கு பிஎன்ஜி, எழுத்து கூர்மையாக நிற்கும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். தீபாவளித் தள்ளுபடி போஸ்டரைக் கடைப் படமாக ஏற்றாதீர்கள். படத்தின் மேல் எழுத்தும் நம்பரும் நிறைப்பதை கூகுள் விரும்புவதில்லை, பார்க்கிறவருக்கும் அது கடையைக் காட்டாது. அதற்குப் போஸ்ட் போடும் வசதி தனியாக இருக்கிறது.

[திரையில்: புதுப் படம். மேலே நான்கு ஓரத்திலும் மங்கலான பட்டை.]

இன்று காலை சின்னம்மா புதுப் படத்தை அனுப்பினார், டாக்குமெண்டாக. கார்கள் வந்து நிற்பதற்கு முன்பே எதிர்ப்பக்கம் போய்க் கைபேசியைப் படுக்கப் பிடித்து எடுத்திருக்கிறார். இந்தப் பட்டைதான் அரைக்கால். பாருங்கள், பலகை முழுசாக உள்ளே இருக்கிறது. இதைச் சதுரமாக வெட்டுகிறேன்... ‘பூமாலை’. அகலமாக வெட்டுகிறேன்... ‘பூமாலை’.

உங்கள் கடையின் லிங்க்கைக் கீழே கமெண்டில் போடுங்கள். பலகை வெட்டுப்பட்டிருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று கணக்குப் போட்டு நானே பதில் எழுதுகிறேன். கடை உங்களுடையது இல்லை என்றாலும், நீங்கள் தினமும் பசியாறும் கடையை ஒருமுறை மேப்பில் தேடிப் பாருங்கள். எழுத்து போயிருந்தால் நாளைக் காலை அந்த அண்ணனிடம் காட்டிவிடுங்கள்.